டிராக்டர் டயரில் எவ்வளவு காற்று? கரிசல் காட்டில் கற்றது

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி கடைசி வாரம். பெரம்பலூர்ப் பக்கத்து மானாவாரிக் கரிசலில் எங்கள் மக்காச்சோளம் இடுப்பளவு நின்றது. வரப்பில் நின்று காட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "அங்கே பார், யாரோ கோடு போட்டது போல இருக்கிறது" என்றார். பச்சைக்கு நடுவே இரண்டு வரிகள் தொடையளவுகூட எட்டாமல், வெளிறிப்போய், காட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நேராக ஓடின. நாலரை அடி தள்ளி இன்னும் இரண்டு. அதற்கப்பால் இன்னும் இரண்டு. விதை ஒன்று, உரம் ஒன்று, மழையும் ஒன்றுதான். அந்த நாலரை அடி எங்கள் டிராக்டரின் இரண்டு பின்சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம்.

மண்வெட்டியையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு போய்த் தோண்டினேன். நன்றாக இருந்த செடிக்கு அடியில் மண்வெட்டி ஒரே வெட்டில் இறங்கியது; மண் கைக்குள் பொலபொலவென்று உதிர்ந்தது. குட்டைச் செடிக்கு அடியில் நாலு விரல் ஆழத்தில் மண்வெட்டி நின்றுவிட்டது. கடப்பாரையால் நெம்பியபோது மண் ஓட்டுச்சில்லு போலத் தகடு தகடாகப் பெயர்ந்தது. உடைந்த முகம் பளபளவென்று, கத்தியால் இழைத்தது போல இருந்தது. ஒரு செடியை வேரோடு எடுத்து மெதுவாகக் கழுவினேன். ஆணி போல நேராக இறங்கிய வேர்கள் எல்லாம் அந்தத் தகட்டைத் தொட்ட இடத்தில் சட்டென்று திரும்பி, அதன் மேலேயே படுத்து ஓடியிருந்தன. அதற்குக் கீழே போதுமான ஈரம் இருந்தது. வேர்தான் போய்ச் சேரவில்லை.

அன்று மாலை முழுவதும் நடந்ததைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். ஆவணியில் டிராக்டர் செங்கல் நடைக்குப் போய்க்கொண்டிருந்தது. டிரெய்லர் பாரத்துக்காக நெடுஞ்சாலையோரப் பஞ்சர் கடையில் பின் டயர்களுக்குக் கல் போலக் காற்றடித்து வைத்திருந்தோம். புரட்டாசியில் மழை பெய்தது. மூன்றாம் நாளே வானம் மறுபடியும் இருட்டியதால், மண் முழுதாக ஆறுவதற்குள் அதே டயரோடு விதைப்புக் கருவியை மாட்டிக்கொண்டு காட்டில் இறங்கிவிட்டோம். காற்றைக் குறைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. டயருக்குக் காற்று குறையக் கூடாது என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே பாடம்.

மறுநாள் காற்றை அளக்கப் போனபோதுதான் அளவுகோலே இல்லை என்பது தெரிந்தது. பஞ்சர் கடைக் காற்றுமானி லாரிகளுக்கானது. 200 பவுண்டுக்கு மேல் போகும் முகப்பில் 12-க்கும் 20-க்கும் இடையே முள் அசைவது கண்ணுக்கே தெரியாது. எங்கள் பக்கம் பவுண்டு என்றால் பி.எஸ்.ஐ., அதாவது ஒரு சதுர அங்குலத்தின் மேல் இத்தனை பவுண்டு அழுத்தம். அப்பாவின் முறை வேறு. ஸ்பேனரால் டயரைத் தட்டி, சத்தத்தைக் கேட்டுச் சொல்வார். இரண்டு சக்கர வண்டிக்கான சின்னக் காற்றுமானி ஒன்றை வாங்கி வந்து வைத்துப் பார்த்தேன். இடது பின் டயரில் 26, வலதில் 22. டிராக்டரோடு வந்த கையேட்டைத் தூசி தட்டி எடுத்தால், வயல் வேலைக்குப் பின் டயரில் 12 என்று போட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மடங்கு காற்றோடு ஈர மண்ணில் ஓட்டியிருக்கிறோம்.

இந்த எண்ணுக்கும் மண்ணுக்கும் என்ன தொடர்பு? இதை ஒவ்வொரு டிராக்டர் உரிமையாளரிடமும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. டயர் என்பது காற்றை அடைத்த பை. டிராக்டரின் பாரத்தைச் சுமப்பது ரப்பரைவிட அதற்குள் இருக்கும் காற்றுதான். டயர் தரையில் பதியும் பரப்பை உள்ளழுத்தத்தால் பெருக்கினால் கிட்டத்தட்ட அது சுமக்கும் பாரம் வரும். எங்கள் டிராக்டரில் ஒரு பின் டயர் 640 கிலோ சுமக்கிறது. 22 பவுண்டு என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரைக் கிலோ. அப்போது டயர் பதிவது 410 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு, பக்கத்துக்கு 20 சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரம். 12 பவுண்டில் அதே பாரம் 750 சதுர சென்டிமீட்டரில் பரவுகிறது. டயரின் பக்கங்களுக்கும் கொஞ்சம் விறைப்பு உண்டு. அதனால் இந்தக் கணக்கு அச்சாக வராது. ஆனால் சாரம் இதுதான்: டயருக்குள் நீங்கள் வைக்கும் அழுத்தமே, கொஞ்சம் கூடுதலாக, மண்ணின் மேல்பரப்பில் இறங்குகிறது. 26 வைத்தால் 26-ஐ மண் தாங்க வேண்டும்.

டிராக்டருக்குக் காற்று டயர் வந்ததே மென்மைக்காகத்தான். அதற்கு முன் முள் வைத்த இரும்புச் சக்கரங்கள்தான். 1932-இல் அமெரிக்காவின் அல்லிஸ்-சாமர்ஸ் நிறுவனம் தன் ‘யூ’ மாடலைக் காற்று டயரோடு விற்கத் தொடங்கியது. முதல் முயற்சிகளில் மாட்டிப் பார்த்தவை விமான டயர்கள்; அவை பருமனானவை, குறைந்த காற்றில் நிற்பவை. ரப்பர் மண்ணைப் பிடிக்காது, வழுக்கும் என்று விவசாயிகள் நம்பாமல் இருந்ததால், கார்ப் பந்தய வீரர் பார்னி ஓல்ட்ஃபீல்டை 1933-இல் டிராக்டரில் ஏற்றி மணிக்கு 64 மைல் வேகத்தில் ஓட்ட வைத்தார்கள். கூட்டம் வேகத்தைப் பார்க்க வந்தது. விவசாயிக்குக் கிடைத்த வரம் அந்த வேகத்தைவிடப் பெரியது: அமுங்கிக் கொடுத்து, பரந்து பதிந்து, மண்ணைப் பற்றும் சக்கரம். அதில் கல் போலக் காற்றடித்தால் பாதி இரும்புச் சக்கரத்துக்கே திரும்பிப் போகிறோம்.

மண் இறுகுவது ஒரு நட்டம். சக்கரம் வழுக்குவது இன்னொன்று; அதை அளந்து பார்த்தபோதுதான் அப்பாவே என் பக்கம் வந்தார். இதற்குச் சுண்ணக்கட்டியும் நாடாவும் போதும். பின் டயரில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கலப்பையைத் தூக்கிய நிலையில் காட்டில் ஓட்டி, சக்கரம் 10 சுற்றுச் சுற்ற எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு கலப்பையை இறக்கி, அதே கியரில் உழுதுகொண்டே 10 சுற்று. நான் கோட்டைப் பார்த்து எண்ணிக்கொண்டே டயருக்குப் பக்கத்தில் நடந்தேன், அப்பா ஓட்டினார். 22 பவுண்டில், கலப்பையைத் தூக்கியபோது 39.5 மீட்டர். ஒன்பது கொத்துக் கலப்பை மண்ணில் இருந்தபோது 32 மீட்டர். பத்துச் சுற்றில் ஏழரை மீட்டர் காணாமல் போயிருக்கிறது. 19 சதவீத வழுக்கல். கிட்டத்தட்ட இரண்டு சுற்று டீசலும் ரப்பரும் மண்ணைத் தேய்த்ததோடு சரி.

இரண்டு டயர்களையும் 12-க்கு இறக்கிவிட்டு மறுபடியும் அளந்தோம். டயர் கொஞ்சம் அமுங்கியதால் கலப்பையைத் தூக்கியபோதே 39.2 மீட்டராகக் குறைந்தது. உழும்போது 34.5 மீட்டர். வழுக்கல் 12 சதவீதம். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் டிராக்டருக்கு உழவு மண்ணில் 10 முதல் 15 சதவீதம் வரை வழுக்கல் இருப்பதுதான் நல்லது. துளியும் வழுக்காவிட்டால் வேண்டாத எடையைச் சுமந்து திரிகிறோம் என்று பொருள். 19-லிருந்து 12-க்கு வந்ததில் ஒரு மணி நேர உழவில் நாலு நிமிடத்துக்கு மேல் மிச்சம். காற்றைத் திறந்துவிட்டதைத் தவிர வேறு எதுவும் நாங்கள் செய்யவில்லை. செலவு ஒரு சுண்ணக்கட்டி. அப்பா டிராக்டரை விட்டு இறங்கி வந்து, நாடாவைத் தன் கையாலேயே இன்னொரு முறை பிடித்து அளந்தார்.

எந்த எண் சரி என்பதற்கு ஊருக்கெல்லாம் பொதுவான விடை கிடையாது. ‘பின் டயரில் எத்தனை வைக்கலாம்’ என்று என்னிடம் கேட்பவர்களிடம், முதலில் எடை மேடைக்குப் போங்கள் என்றுதான் சொல்கிறேன். லாரி எடை போடும் மேடையே போதும். டிராக்டரை முழுதாக ஏற்றி ஓர் எடை. பின்சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி இன்னோர் எடை. எங்கள் வண்டி மொத்தம் 2,050 கிலோ. பின்னால் 1,280, முன்னால் 770. பிறகு, சுழலும் கத்திகளால் மண்ணைக் கொத்தும் ரோட்டவேட்டரை மாட்டித் தூக்கிய நிலையில் ஏற்றினோம். மொத்தம் 2,480, பின்னால் 1,975, முன்னால் 505. ரோட்டவேட்டரின் எடை 430 கிலோதான். ஆனால் பின் டயர்களில் ஏறியது கிட்டத்தட்ட 700 கிலோ. ஏற்றக்கோலில் ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் எழும்புவது போல, பின்னால் தொங்கும் கருவி முன்னாலிருந்தும் எடையைப் பறித்துப் பின்சக்கரத்தில் போட்டுவிடுகிறது. ரோட்டவேட்டரைத் தூக்கித் திருப்பும்போது ஸ்டீயரிங் லேசாகிவிடுவதும் இதனால்தான்.

அந்த எடையை இரண்டால் வகுத்து, டயரின் அளவையும் ஓட்டும் வேகத்தையும் வைத்து அட்டவணையைப் பார்க்க வேண்டும். டயர் நிறுவனங்கள் ஒவ்வோர் அளவுக்கும் இந்த அட்டவணையைத் தருகின்றன, கையேட்டிலும் இருக்கும். மெதுவாக ஓடும் டயர் குறைந்த காற்றில் அதிகப் பாரம் தாங்கும். வேகம் கூடினால் அதே பாரத்துக்குக் காற்றும் கூட வேண்டும். எங்களுக்கு வந்தது: ஒன்பது கொத்துக் கலப்பைக்கு 12, ரோட்டவேட்டருக்கு 14, பாரத்தோடு டிரெய்லர் இழுத்துத் தார்ச்சாலையில் போக 18. முன் டயரில் எப்போதும் 30. அது குறுகலான டயர், குறைத்தால் ஸ்டீயரிங் கனத்துப் போகும். இவை 13.6-28 அளவுள்ள சாதாரண நைலான் டயருக்கு, எங்கள் வண்டி எடைக்கு வந்த எண்கள். உங்கள் டயர் வேறாக இருந்தால் உங்கள் எண்ணும் வேறு. ரேடியல் டயருக்கு அட்டவணையே தனி. அதன் பக்கங்கள் பிதுங்கி நிற்பது அதன் இயல்பு. அதைப் பார்த்துக் காற்றில்லை என்று எண்ணிக் கூடுதலாக அடிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்; அந்தப் பிதுக்கத்துக்காகத்தான் அவர்கள் கூடுதல் விலை கொடுத்திருக்கிறார்கள்.

குறைப்பது நல்லது என்று தெரிந்த பிறகு நான் ஒரு தவறு செய்தேன். தகடு பிடித்த அந்தக் காட்டைச் சித்திரையில் உளிக்கலப்பையால் கிழிக்க முடிவு செய்தோம். அரை மீட்டர் இடைவெளியில் ஒரு திசையில் ஓட்டி, பிறகு அதற்குக் குறுக்கே ஓட்ட வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. உளிக்கலப்பை டிராக்டரின் முழு இழுவையையும் கேட்கும். இன்னும் குறைத்தால் இன்னும் பிடிக்கும் என்று நினைத்துப் பின் டயர்களை 8-க்கு இறக்கினேன். நாலாவது சாலில் ‘புஸ்’ என்று ஒரு சத்தம். வலது டயர் தரையோடு உட்கார்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் வால்வு சாய்ந்து, அடியோடு பிய்ந்திருந்தது. ரிம்மைப் பற்றிக்கொள்ளப் போதிய காற்று இல்லாததால், கனத்த இழுவையில் ரிம் சுற்ற, டயர் பின்தங்கியிருக்கிறது. டயரோடு டியூப் நகர, ரிம்மின் துளையில் மாட்டிய வால்வு கிழிந்துவிட்டது. புது டியூபும் ஒரு நாள் வேலையும் போயின.

அன்றிலிருந்து டயரையும் ரிம்மையும் சேர்த்து ஒரு வெள்ளைக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடு விலகினால் டயர் ரிம்மில் நகர்கிறது. உடனே நிறுத்திக் காற்றைக் கூட்ட வேண்டும். அட்டவணையில் அந்தப் பாரத்துக்குக் குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே போகவே கூடாது. குறைந்த காற்றில் பாரத்தோடு ஓடும் டயரின் பக்கங்கள் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்ந்து சூடேறி, மயிரிழை வெடிப்புகள் விடத் தொடங்கும். வெளியே வெடிப்பு தெரியும்போது உள்ளே நூல் அறுந்திருக்கும்.

டயருக்குள் தண்ணீர் நிரப்பியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நாங்களும் உளிக்கலப்பைக்காக நிரப்பினோம். வால்வை உச்சியில் நிறுத்தி, வால்வு வழியே தண்ணீர் வழியும் வரை விட்டால் முக்கால் பங்கு நிறையும். எங்கள் அளவு டயரில் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 கிலோ எடை கூடும். மீதிக் கால் பங்கில்தான் காற்று. இடம் சிறிது என்பதால் கொஞ்சம் கசிந்தாலும் அழுத்தம் வேகமாக இறங்கிவிடும். வாரத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். அளக்கும்போது வால்வு மேலே இருக்கட்டும். கீழே இருந்தால் தண்ணீரின் உயரமும் சேர்ந்து ஒரு பவுண்டு கூடுதலாகக் காட்டும். காற்றுமானிக்குள் தண்ணீர் புகுந்து அதுவும் கெட்டுப்போகும். தண்ணீர் அமுங்காது, ஆகவே டயரும் விறைப்பாகவே இருக்கும். கனத்த இழுவை முடிந்ததும் நாங்கள் தண்ணீரை வெளியேற்றிவிட்டோம். விதைப்புக்கும் ரோட்டவேட்டருக்கும் அந்த எடையை மண்ணின் மேல் ஏற்றுவது வீண்.

காற்றுமானி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 0 முதல் 30 வரை, ஒவ்வொரு பவுண்டுக்கும் கோடு போட்ட ஒன்றாகப் பார்த்து வாங்குங்கள். 100 பவுண்டு டயரில் இரண்டு குறைந்தால் ஒன்றுமில்லை; 12 பவுண்டு டயரில் இரண்டு என்பது ஆறில் ஒரு பங்கு. காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் அளக்க வேண்டும். காற்று 10 டிகிரி செல்சியஸ் சூடேறினாலே 12 பவுண்டு ஏறக்குறைய 13 ஆகிவிடும். மத்தியான வெயிலில் ஓடிவந்த டயரில் 14 காட்டுகிறது என்று இரண்டைத் திறந்துவிட்டால், மறுநாள் விடியலில் 10-தான் இருக்கும்.

காட்டுக்கு ஒன்று, சாலைக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டே இருக்க முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்று வாங்கினேன். இரண்டு பின் டயர்களையும் 12-லிருந்து 18-க்கு ஏற்றக் கால் மணி நேரம் போல ஆகிறது. ஐரோப்பாவில் டிராக்டருக்குள் உட்கார்ந்தபடியே காற்றை ஏற்றி இறக்கும் வசதி விற்கிறது. நமக்கு அந்த வசதி தேவையில்லை. செங்கல் நடை, கரும்பு நடை என்று நாள் முழுக்கச் சாலையில் ஓடும் காலத்தில் 18. உழவுக் காலத்தில் 12. நாளுக்கு நாலு முறை மாற்ற வேண்டியதில்லை, பருவத்துக்கு ஒரு முறை மாற்றினாலே பெரும் பயன். காட்டிலிருந்து வீட்டுக்கு வெறும் வண்டியாக இரண்டு கிலோமீட்டர் வருவதற்காக யாரும் காற்றடிக்க வேண்டாம்; மெதுவாக ஓட்டி வந்தால் போதும்.

பஞ்சர் ஒட்டி டயரைத் திரும்ப மாட்டும்போது அதன் விளிம்பு ரிம்மில் உட்காருவதற்காகக் காற்றை ஏற்றிக்கொண்டே போவார்கள். பெரும்பாலான பின் டயர்களின் பக்கத்தில் 35 பவுண்டுக்கு மேல் போகாதே என்ற எச்சரிக்கை வார்க்கப்பட்டிருக்கும். அதற்குள் உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கி, சோப்பு நீர் தடவி, மறுபடியும் தொடங்க வேண்டும். விளிம்பு தெறித்தால் பக்கத்தில் நிற்பவரைக் கொன்றுவிடும். கடையில் வேலை செய்பவர் சின்னப் பையனாக இருந்தாலும், "தம்பி, நீளமான குழாயை மாட்டித் தள்ளி நின்று அடி" என்று சொல்லிவிட்டுத்தான் நான் நகர்வேன்.

காற்றைக் குறைத்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். காற்றழுத்தம் மேல்மண்ணைக் காக்கும். ஒரு அடிக்குக் கீழே உள்ள மண் டயரைக் கேட்பதில்லை. மேலே எத்தனை டன் போகிறது என்றுதான் பார்க்கிறது. பாரம் ஏற்றிய டிரெய்லரும் அறுவடை இயந்திரமும் எந்தக் காற்றில் ஓடினாலும் ஆழத்தில் அமுக்கத்தான் செய்யும். அதோடு, ஈர மண்ணில் 12-ம் கெடுதிதான். இப்போது உழவுக்கு இறங்குமுன் ஒரு சாண் ஆழத்து மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்க்கிறோம். விளக்குத் திரி போல மெலிதாக உருண்டால் அன்று வண்டி இறங்காது. உருட்ட உருட்ட உதிர்ந்தால் இறங்கலாம். கரிசலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: கோடையில் பாளம் பாளமாக வெடித்துத் தன் இறுக்கத்தைத் தானே ஓரளவு உடைத்துக்கொள்ளும். செம்மண்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை குறைவு.

இந்தப் புரட்டாசியில் விதைப்பன்று விடியற்காலையில் அப்பா எனக்கு முன்பே களத்துக்குப் போய்விட்டார். சட்டைப்பையிலிருந்து காற்றுமானியை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இடது 12, வலது 11. ஒன்று ஏற்று" என்றார். ஏற்றினேன். பயிர் இப்போது இடுப்பளவு நிற்கிறது. வரப்பிலிருந்து பார்த்தால் கோடு தெரியவில்லை. களத்தை ஒட்டிய மூலையில், போன மாசியில் கதிர் ஏற்றிய டிரெய்லர் நின்று திரும்பிய இடத்தில் மட்டும் பத்தடிக்கு ஒரு வெளிறிய திட்டு இருக்கிறது. அங்கே தோண்டிப் பார்த்தேன். தகடு முக்கால் அடியில் கிடக்கிறது. சித்திரையில் உளிக்கலப்பையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.